மெஷினில் போட்ட பணம் கணக்கில் ஏறவில்லையா?

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் கடை வைத்திருப்பவர்களில் பலருக்கு இப்போது வங்கி என்றால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் டெபாசிட் மெஷின்தான். இரவு ஷட்டரை இறக்கிவிட்டு, அன்றைய வசூலுக்கு ரப்பர் பேண்டு போட்டு எடுத்துப் போய், மெஷினில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். குமணன்சாவடி, கரையான்சாவடி பக்கமும் இதே பழக்கம்தான். திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள் சம்பளம் கைக்கு வந்ததும் ஊருக்குப் பணம் போட வரிசையில் நிற்கிறார்கள். பெரும்பாலும் எல்லாம் சரியாகவே நடக்கும். என்றைக்காவது ஒருநாள் மெஷின் நோட்டை வாங்கிக்கொண்டு, எண்ணிப் பார்த்து, அப்படியே நின்றுவிடும். பணம் உள்ளே போயிருக்கும், கணக்கில் ஏறியிருக்காது, ரசீதும் வந்திருக்காது.

பதற்றப்பட வேண்டாம். மெஷினுக்குள் போன நோட்டு காற்றில் கரைவதில்லை. ஊழியர்கள் மெஷினைத் திறந்து எண்ணும்போது, பதிவில் உள்ள தொகையைவிட அந்தப் பணம் கூடுதலாக மிஞ்சியாக வேண்டும். அந்த மிச்சம் உங்களுடையது என்று காட்டுவதுதான் உங்கள் வேலை. எந்த மெஷின், எத்தனை மணி, எந்த நோட்டு எத்தனை என்ற மூன்றையும் முதல் இரண்டு நாளுக்குள் எழுத்தில் பதிந்துவிட்டவருக்கு வழி பெரும்பாலும் திறந்தே இருக்கும். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்தான் சிக்கிக்கொள்கிறார்.

மெஷின் முன்னால் நிற்கும்போதே

முதலில், இடத்தை விட்டு நகராதீர்கள். மெஷின் ஏற்காத நோட்டைத் திருப்பித் தரும்போது அதன் வாய் கொஞ்ச நேரம்தான் திறந்திருக்கும். எடுக்காவிட்டால் பணத்தை மறுபடி உள்ளே இழுத்துத் தனிப் பெட்டியில் போட்டுக்கொள்ளும். நீங்கள் வெளியே போன பிறகு வாய் திறந்தால் அடுத்து வருபவர் கையில் பணம் கிடைத்துவிடும். கரண்ட் போய் வந்திருந்தால் மெஷின் முழுதாகத் திரும்ப இயங்கும்வரை நில்லுங்கள். சோதித்துப் பார்க்கிறேன் என்று இன்னொரு முறை பணம் போடாதீர்கள். வேறு யாரையும் போடவும் விடாதீர்கள். உங்கள் பரிவர்த்தனைக்குப் பின்னால் உடனே இன்னொன்று பதிவானால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடும்.

செல்போனில் திரையைப் படம் எடுங்கள். மெஷினின் மேலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அதன் அடையாள எண் இருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள். நோட்டு விவரத்தை அங்கேயே ஒரு தாளில் எழுதுங்கள். உதாரணத்துக்கு 38,500 ரூபாய் போட்டிருந்தால்: 500 ரூபாய் 70, 200 ரூபாய் 15, 100 ரூபாய் 5, மொத்தம் 90 நோட்டு. இந்த ஒரு வரி பின்னால் பெரிய உதவி செய்யும். மெஷின் ஒவ்வொரு மதிப்பு நோட்டையும் தனித்தனியாக எண்ணித் தன் பதிவில் வைத்துக்கொள்கிறது. மொத்தத் தொகையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். நோட்டு வாரியான எண்ணிக்கை பதிவோடு ஒத்துப்போனால் உங்கள் பேச்சுக்கு எடை கூடும்.

சீட்டு வந்திருந்தால் நிதானமாகப் படியுங்கள். அதில் தேதி, நேரம், மெஷின் எண், பரிவர்த்தனை எண் எல்லாம் இருக்கும். பல மெஷின்களில் நோட்டு விவரமும், பரிவர்த்தனை ஏன் முடியவில்லை என்ற ஒரு வரியும் இருக்கும். கணக்கு எண்ணின் கடைசி இலக்கங்களைப் பாருங்கள். கார்டு இல்லாமல், எண்ணைத் தட்டிப் பணம் போடும்போது ஓர் இலக்கம் மாறிப்போய் வேறொருவர் கணக்கில் ஏறுவது உண்டு. திரையில் வரும் பெயரைப் படிக்காமல் பச்சைப் பட்டனை அழுத்துகிறவர்கள் ஏராளம். அந்தச் சீட்டு வெப்பத்தில் அச்சாகும் தாள். சட்டைப் பையில் வைத்தாலே சில மாதத்தில் வெளுத்துவிடும். அன்றே படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வையுங்கள்.

பூ, மீன், காய்கறி விற்பவர்கள் கையில் வரும் நோட்டு ஈரமாக, மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும். மெஷின் சிக்குவதற்கு முக்கியமான காரணம் இதுதான். உலர்த்தி, நீவி, ரப்பர் பேண்டும் பின்னும் நீக்கி, கட்டை விசிறிவிட்டுப் போடுங்கள். ஒரே தடவையில் நிறையத் திணிக்காதீர்கள். ஸ்டேட் பாங்க் மெஷின்களில் ஒரு தடவைக்கு 200 நோட்டுதான் எல்லை. கார்டு இல்லாமல் போட்டால் 49,900 ரூபாய்வரைதான் ஏற்கும்.

அடுத்து, வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டுப் புகாரைப் பதிந்து, புகார் எண் வாங்குங்கள். சேவை எண்ணைக் கார்டின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ பாருங்கள். இணையத்தில் தேடி, முதலில் வரும் எண்ணுக்கு அடிக்காதீர்கள். வங்கி உதவி என்ற பெயரில் மோசடிக்காரர்கள் அங்கே எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர ஓடிபி வேண்டும், ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று யார் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். அப்படி ஏமாந்துவிட்டால் 1930-க்கு உடனே அழையுங்கள். அது சைபர் மோசடிக்கான எண். மெஷின் கோளாறுக்கு அங்கே தீர்வு கிடைக்காது.

மறுநாள் காலை, கிளையில்

“தானா ஏறிடும்ணே, ரெண்டு நாள் பாருங்க” என்று காவலாளி சொல்வார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். மெஷினின் பதிவும் வங்கிச் சர்வரின் பதிவும் ஒப்பிடப்படும்போது பணம் தானாக வரவாகிவிடலாம். காத்திருப்பதில் தவறில்லை, ஆனால் எழுத்துப் புகாரைக் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். மெஷின் எந்த வங்கியுடையதோ அந்தக் கிளைக்கு ஒரு கடிதம், உங்கள் கணக்கு இருக்கும் கிளைக்கு அதன் நகல். வேறு வங்கியின் மெஷினில் போட்டிருந்தால் இரண்டு வங்கியிலும் பதியுங்கள். ஒருவரை ஒருவர் கை காட்டி உங்களை அலையவிட இடம் இருக்காது.

தமிழில் எழுதினாலே போதும். இப்படி எழுதலாம்:

“கிளை மேலாளர் அவர்களுக்கு. என் சேமிப்புக் கணக்கு எண் ……. ……ஆம் தேதி இரவு 9.12 மணிக்கு, டிரங்க் ரோட்டில் உள்ள உங்கள் டெபாசிட் மெஷினில் (மெஷின் எண் ……) ரூ.38,500 செலுத்தினேன். 500 ரூபாய் 70, 200 ரூபாய் 15, 100 ரூபாய் 5. மெஷின் நோட்டுகளை வாங்கி எண்ணிய பிறகு நின்றுவிட்டது. பணம் திரும்ப வரவில்லை, கணக்கிலும் வரவு இல்லை. சேவை மையத்தில் பதிந்த புகார் எண் ……. இந்த நேரத்துக்கு உரிய மெஷினின் மின்னணுப் பதிவையும் (இ.ஜே. லாக்), மெஷினை அடுத்து எண்ணிய நாளின் ரொக்கச் சரிபார்ப்பு விவரத்தையும் பார்த்து, தொகையை என் கணக்கில் வரவு வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். இரவு 9.00 முதல் 9.30 வரையிலான கேமரா பதிவை இந்தப் புகார் முடியும்வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். தாமதமான நாள்களுக்கு உங்கள் வங்கியின் இழப்பீட்டுக் கொள்கைப்படி வட்டியும் தர வேண்டும்.”

இதில் கேட்டிருக்கும் மூன்று ஆதாரங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புகாரின் முடிவு இவற்றில்தான் இருக்கிறது.

மின்னணுப் பதிவு என்பது மெஷின் தானே எழுதும் நாட்குறிப்பு. கணக்கு எண் தட்டப்பட்டது, வாய் திறந்தது, இத்தனை நோட்டு எண்ணப்பட்டது, பெட்டிக்குள் போனது அல்லது போகவில்லை, இந்தப் பிழைக் குறியீடு வந்தது என்று நொடி வாரியாக அதில் இருக்கும். எண்ணி முடித்ததும் மெஷின் நின்றுபோனால் இந்தப் பதிவே உங்கள் பக்கம் பேசும். எண்ணுவதற்கு முன்பே நோட்டு சிக்கியிருந்தால் பதிவில் தொகை இருக்காது. அப்போதுதான் இரண்டாவது ஆதாரம் தேவைப்படுகிறது: ரொக்கச் சரிபார்ப்பு. மெஷினைத் திறந்து, எல்லாப் பெட்டிகளையும் எண்ணி, இருக்க வேண்டிய தொகையோடு ஒப்பிடுவார்கள். கூடுதலாக இருந்தால் அதை வங்கி தனக்கு வருமானமாக எடுத்துக்கொள்ள முடியாது. உரியவர் தெரியும்வரை தனியான ஒரு கணக்கில் நிற்கும். பலருடைய பணம் அப்படித்தான் கேட்பாரில்லாமல் நிற்கிறது. நோட்டு பட்டைகளுக்கு நடுவே சிக்கியிருந்தால் பழுதுபார்ப்பவர் வந்து பிரிக்கும்போதுதான் வெளியே வரும். ஆகவே பழுது நீக்கிய தேதியையும் கேளுங்கள்.

மூன்றாவது, கேமரா. சேமிக்கும் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். பாதுகாப்புப் பெட்டக அறைக்கு வருவோர் போவோரின் பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்கச் சொல்லி ரிசர்வ் வங்கி 2021-ல் விதி செய்தது. டெபாசிட் மெஷின் அறைக்கும் அதே கெடு இருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். பதிவை அழிக்கக் கூடாது என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிட்டால், பிறகு அது காணாமல் போனதற்கு வங்கிதான் பதில் சொல்ல வேண்டும்.

கடிதத்தின் நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்காமல் வெளியே வராதீர்கள். தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். ஸ்பீடு போஸ்டில், கொடுத்ததற்கான ஆதாரத்தோடு அனுப்பி, கிளையின் மின்னஞ்சலுக்கும் அதையே அனுப்புங்கள். பின்னால் வரும் 30 நாள் கணக்கு இந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

தாமதத்துக்கு நாளுக்கு 100 ரூபாய் கிடைக்கும் என்று பலர் சொல்வார்கள். அது 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால், வங்கி 5 நாளுக்குள் தானாகத் திருப்பித் தர வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய். பணம் எடுப்பதற்கான இந்த விதி, பணம் போடுவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. உரிமையாகக் கேட்க வேண்டியது அந்தந்த வங்கியின் இழப்பீட்டுக் கொள்கையில் உள்ள வட்டியை. அந்தக் கொள்கை வங்கியின் இணையதளத்தில் இருக்கும்.

பணம் வேறு கணக்கில் ஏறியிருந்தால் கதை மாறும். வங்கி அந்தக் கணக்குக்காரரிடம் பேசி, பொதுவாக அவர் சம்மதத்தோடுதான் திருப்பி எடுக்கும். அவருடைய விவரத்தை உங்களுக்குத் தராது. அவர் மறுத்தால் காவல் நிலையம்தான். பூந்தமல்லி இப்போது ஆவடி காவல் ஆணையரகத்தில் வருகிறது. புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். தன்னுடையது இல்லை என்று தெரிந்தும் பிறர் பணத்தை வைத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவில் வரும் குற்றம்.

கவுன்டரில் கொடுத்த பணம்

இங்கே ஆதாரம் சலானின் அடிக்கட்டை. முத்திரை, தேதி, காசாளரின் கையெழுத்து, பரிவர்த்தனை எண் நான்கும் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகரும் முன் பாருங்கள். பின்பக்கத்தில் நோட்டு விவரம் எழுதியிருக்க வேண்டும். முத்திரை மட்டும் போதாது. 2020 ஜூலையில் பண்ருட்டியில் ஸ்டேட் பாங்க் பெயரிலேயே ஒரு போலிக் கிளை நடத்த முயன்று மூன்று பேர் கைதானபோது, அவர்களிடம் சலானும் முத்திரையும் இருந்தன. அடிக்கட்டையோடு செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தியையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் கட்டில் கள்ள நோட்டு இருந்ததாகச் சொன்னால், வங்கி அதைப் பறிமுதல் செய்து முத்திரை குத்தி, உங்களுக்கு ரசீது தர வேண்டும். ரசீது இல்லாமல் தொகையைக் குறைத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தெரிந்த வங்கி ஊழியர் கையில் பணத்தைக் கொடுத்து “போட்டுடுங்க சார்” என்பது நம் ஊரில் சாதாரணம். இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1978-ல் சொன்னது இன்றும் முக்கியம். ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியா எதிர் ஷியாமா தேவி வழக்கு. அலகாபாத்தில் கணக்கு வைத்திருந்த அந்தப் பெண்ணின் கணவர், பழக்கமான வங்கி ஊழியர் ஒருவரிடம் கணக்கில் போடச் சொல்லிப் பணத்தையும் காசோலையையும் கொடுத்தார், ரசீது வாங்கவில்லை. ஊழியர் பாஸ்புக்கில் பொய்யாகப் பதிந்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டார். வங்கி பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. அந்த ஊழியர் அப்போது வங்கியின் வேலையைச் செய்யவில்லை, வாடிக்கையாளரின் ஆளாகத்தான் பணத்தை வாங்கினார் என்பது காரணம். நம்பிக் கொடுத்தவருக்கு இது கொடுமையான தீர்ப்பாகத் தோன்றும், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சட்டம் அங்கேதான் நிற்கிறது. கவுன்டருக்கு வெளியே, ரசீது இல்லாமல், யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

தெருமுனையில் விரல்ரேகை இயந்திரம் வைத்திருக்கும் வங்கி முகவர் விஷயம் வேறு. அவரை வங்கியே நியமித்திருக்கிறது. முகவர்களின் செயலுக்கு வங்கிதான் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2006-லேயே விதி செய்துவிட்டது. அவர் கொடுக்கும் அச்சு ரசீதை வைத்திருந்தால் வங்கியையே கேட்கலாம். வட மாநிலத் தொழிலாளர்கள் பலர் இந்த ரசீதை அங்கேயே கசக்கிப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெரிந்தவர்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

வங்கி மறுத்தால்

“பதிவின்படி பரிவர்த்தனை சரியாக உள்ளது, மெஷினில் கூடுதல் தொகை இல்லை” என்று இரண்டு வரியில் பதில் வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். எந்தத் தேதியில் எண்ணினார்கள், அதற்கு முன் எப்போது எண்ணினார்கள், அந்த இடைவெளியில் வேறு யாருக்காவது பற்றாக்குறையோ புகாரோ உண்டா என்று கேளுங்கள். இன்னொரு பரிவர்த்தனையில் பணம் குறைந்து, உங்கள் மிச்சம் அதை ஈடுகட்டியிருந்தால் மொத்தக் கணக்கு நேராகவே தெரியும். பொதுத்துறை வங்கியானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் இதைக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் வங்கிக்கு இந்த வழி இல்லை.

பெரிய வங்கிகளில் உள் குறைதீர்ப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார். வங்கி உங்கள் புகாரை நிராகரிக்கும் முன் அவர் பார்வைக்குத் தானாகவே அனுப்ப வேண்டும். அவரிடம் நீங்கள் நேரில் போக முடியாது. பதிலில் அவர் பார்த்ததாக ஒரு வரி இல்லை என்றால் கேளுங்கள்.

வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டம் இது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். இணையதளத்தில் பதியலாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் சண்டிகர் செக்டர் 17-ல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்கு (பின்கோடு 160017) தபாலில் அனுப்பலாம். சந்தேகம் இருந்தால் 14448-ல் தமிழிலேயே பேசலாம். திட்டத்தின் கெடுக்கள் அவ்வப்போது திருத்தப்படுவதால், 31-ஆம் நாளே பதிந்துவிடுவதுதான் நல்லது. வங்கியிடம் எழுத்தில் கேட்காமல் நேராக இங்கே வந்தால் புகார் தள்ளப்படும். முத்திரை போட்ட அந்த நகல் வேண்டும் என்று முன்பே அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

விரிவான சாட்சி விசாரணை தேவைப்படும் புகாரைக் குறைதீர்ப்பாளர் ஏற்காமல் விடலாம். அப்போது திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருப்பது தடையில்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் இல்லை. கடைக்கான நடப்புக் கணக்கு என்பதால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்று வங்கித் தரப்பு வாதிடலாம். பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரைச் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள். மின்னணுப் பதிவையும் கேமரா பதிவையும் தாக்கல் செய்யும்படி ஆணையம் வங்கிக்கு உத்தரவிடக் கோரித் தனி மனுவும் போடுங்கள்.

பணம் வரவானதும் கிளையிலிருந்து போன் வரும், புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு கையெழுத்து கேட்பார்கள். அதற்கு முன் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். முழுத் தொகையும் வந்திருக்கிறதா, வட்டியை நீங்கள் பணம் போட்ட தேதியிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்களா, தற்காலிக வரவு என்று ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வட்டி வரவில்லை என்றால் “அசல் மட்டும் பெற்றேன், வட்டி நிலுவை” என்று எழுதியே போடுங்கள்.